சரியக்கா சொன்ன முதல் ‘வேண்டாம்’

சரியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. வெளியில் அதை யாரும் எடுப்பதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பதினான்கு வருடங்களாக, காலை ஆறரையிலிருந்து மாலை ஐந்து வரை, கூரையில் பயிற்சிப் பள்ளியின் பலகையைச் சுமந்த சின்ன வெள்ளைக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ‘சரி’ சொல்லிக்கொண்டிருக்கிறாள். “சரி... சரி... கிளட்ச மெதுவா விடுங்க... சரி... ஸ்டீரிங்க இப்படி இறுக்கிப் பிடிக்காதீங்க, அது எங்கயும் ஓடிப்போகாது... சரி...”

காருக்குள் அந்தச் ‘சரி’க்குப் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீ பயப்படாதே, அவ்வளவுதான். ஆனால் காரைவிட்டு இறங்கிவிட்டால் நம் மொழியில் அதைவிட ஆபத்தான சொல் இன்னொன்று இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். காதில் விழுந்தது என்பதற்கும் சரி, புரிந்தது என்பதற்கும் சரி, ஒப்புக்கொண்டேன் என்பதற்கும் சரி, போதும் ஆளை விடு என்பதற்கும் சரி. இவள் முதல் அர்த்தத்தில் சொல்வாள். எதிரில் நிற்பவர்கள் மூன்றாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். எதிர்வீட்டுக்காரரின் கிளி இவள் வீட்டில் இருப்பது அப்படித்தான். வெளியூர் போய்த் திரும்பும்வரை என்று சொல்லிக் கொடுத்தார். அவர் திரும்பி வந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது.

அந்த வகுப்பும் இப்படித்தான் அவள் தலையில் வந்து விழுந்தது. நூலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா அவளிடம் கார் கற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, வாய் ஓயாது. ஒருநாள் வண்டியைப் பின்பக்கமாக ஒரு சந்துக்குள் விட்டுக்கொண்டே, நூலக மாடியில் நான்கு புதன்கிழமைகள் இளசுகளுக்கு வகுப்பு நடத்தப்போவதாகச் சொன்னார். கூட்டாளிகள் எதற்காவது வற்புறுத்தினால் எப்படி மறுப்பது, தனக்கென்று ஓர் இலக்கை எப்படி வைத்துக்கொள்வது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க மனத்திடம் உள்ள ஒரு பெண் வேண்டுமாம். சரியக்காவின் கண் முழுக்கப் பின்கண்ணாடியில் இருந்தது. மதிலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரே சாண் இடம்.

“சரி... சரி... அப்படியே வாங்க... சரி... வாங்க வாங்க... சரி!”

நூலகத்தம்மா பிரேக்கை மிதித்துவிட்டு அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தெரியும்மா, நீங்க ஒத்துக்குவீங்கன்னு!”

அடுத்த வாரம் நூலக வாசலில் சுவரொட்டி. உரிமத்திலிருந்து எடுத்த அவள் படம், எதையோ திருடிவிட்டுக் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம். கீழே கொட்டை எழுத்தில், ‘முடியாது என்று சொல்லப் பழகுவோம்.’ பார்த்ததும் மேலே போய் முடியாது என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடு படியேறினாள். நூலகத்தம்மா ஒரு கட்டுப் பாடக் குறிப்புகளைக் கையில் திணித்தார். “சரி,” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

முதல் புதன்கிழமை, மாலை ஐந்தரை. மாடி அறையில் ஒரு நீள மேசை, கிறீச்சிடும் மின்விசிறி, பாதி உலகம் உரிந்துபோன ஒரு பூகோள உருண்டை. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், பதினைந்திலிருந்து பதினேழு வயதுக்குள். ஒருவர்கூடத் தானாக வந்தவரில்லை, வீட்டில் பிடித்துத் தள்ளி வந்தவர்கள். அந்த எட்டில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவன் வக்கீல். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் கிடைத்த பட்டம். இன்னொருத்தி ‘நானும்’. யார் எதைச் சொன்னாலும் “நானும்” என்பாள். ஒருவன் தண்ணீர் குடிக்கப் போனால் நானும். ஒருத்திக்குத் தலை வலித்தால் நானும். அவள் சொந்தமாக ஆரம்பித்த வாக்கியம் ஒன்றைக் காதால் கேட்டவர்கள் அந்த அறையில் யாரும் இல்லை.

வக்கீல்தான் முதலில் எழுந்தான். “அக்கா, ஒரு சந்தேகம். முடியாதுன்னு சொல்றதுல நீங்க பெரிய ஆளா? உங்கள எப்படித் தேர்ந்தெடுத்தாங்க?”

சரியக்கா குறிப்புகளைப் புரட்டினாள். அதில் இதற்குப் பதில் இல்லை. பொய்யும் அவளுக்குச் சட்டென்று வராது.

“அவங்க கேட்டாங்க. எனக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியல. அதான் வந்து நிக்கறேன்.”

மின்விசிறி மூன்று சுற்று கிறீச்சிட்டது. அப்புறம் அறையே வெடித்தது. ஒருவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். வக்கீல் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். ‘நானும்’ இருபக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டு அதன்பிறகு சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்தபோது எட்டு முகங்களும் வேறு முகங்களாகியிருந்தன. மனத்திடம் உள்ள பெண் ஒருத்தி வந்து தங்களைத் திருத்தப்போகிறாள் என்று பயந்து வந்தவர்களுக்கு, தங்களைவிட மோசமான ஓர் ஆள் கிடைத்துவிட்டாள். அதைவிட வேறென்ன வேண்டும்?

அதன்பிறகு ஆளாளுக்குக் கொட்டினார்கள். ஒருவனைக் கூட்டாளிகள் கடைக்குப் பின்னால் சிகரெட் பிடிக்கக் கூப்பிடுகிறார்கள். ஒருத்தியின் தோழிகள் எல்லாரும் ஒரே பாடப்பிரிவு எடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். இன்னொருவனிடம் அவன் மாமா பையன் கார்ச் சாவியைக் கொடுத்து, உரிமம் எல்லாம் யார் கேட்கப்போகிறார்கள், ஓட்டுடா என்றானாம்.

சரியக்கா எழுந்தே விட்டாள். “லைசென்ஸ் இல்லாம ஸ்டீரிங்கத் தொட்டே, கைய ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்! உன் மாமா பையனையும் கூட்டிட்டு வா, அவனுக்கும் சேர்த்து வெக்கறேன்!”

கார் விஷயம் என்றால் அவள் புலி. அந்தச் சூட்டோடு, குறிப்புகளில் இல்லாத ஒன்றை அவள் சொன்னாள். “பள்ளத்தையே பார்த்துட்டு ஓட்டினா பள்ளத்துலதான் இறக்குவோம். விழக்கூடாது விழக்கூடாதுன்னு சொல்லிட்டே நேரா கொண்டுபோய் விடுவாங்க, பதினாலு வருஷமா பார்க்கறேன். பள்ளத்த விட்டுட்டு, பக்கத்துல போறதுக்கு எங்க இடம் இருக்குன்னு பாரு. கை தானா அங்க திருப்பும். உங்க கூட்டாளிங்க கூப்பிடறதும் அப்படித்தான். போகக்கூடாதுன்னு அதையே நினைச்சிட்டிருந்தா போய்டுவீங்க. நீங்க போக வேண்டிய இடம் ஒண்ணு கண்ணு முன்னாடி இருக்கணும்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே வியப்பாக இருந்தது. நன்றாகத்தானே பேசுகிறோம்!

சரி, ஆளுக்கொரு சீட்டில் அவரவர் போக வேண்டிய இடத்தை எழுதுங்கள் என்றாள். வக்கீல் எழுதியதைப் படிக்கவே கூச்சப்பட்டான். அவன் தண்ணீரில் மீன் மாதிரி நீந்துவான் என்று கூட்டாளிகளிடம் அளந்துவிட்டிருக்கிறான். விடுமுறையில் எல்லாரும் ஏரிக்குப் போகிறார்கள். அவனுக்குக் குளியலறை வாளியைத் தாண்டித் தண்ணீர்ப் பழக்கம் கிடையாது. ‘குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை உண்மையாகவே நீந்த வேண்டும். அதுவரை ஏரிக்குப் போகக்கூடாது’ என்று எழுதியிருந்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்த ஒல்லிப் பையன் ‘மீசை வளர்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ‘நானும்’. அவள் சீட்டில் ‘எனக்கும் அதேதான்’ என்று இருந்தது.

அறை மறுபடியும் வெடித்தது. அவள் எட்டிப் பார்த்து, எதற்கு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“உங்களுக்கு என்னக்கா?” என்றான் வக்கீல்.

“பஸ்,” என்றாள் சரியக்கா. சொன்ன பிறகுதான் அது வெளியே வந்துவிட்டது என்று தெரிந்தது.

அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேருந்து ஓட்ட வேண்டும். தட்டு மாதிரிப் படுத்துக் கிடக்கும் அந்தப் பெரிய ஸ்டீரிங்கைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் அறுபது பேரை வைத்துக்கொண்டு, ஊரின் வளைவுகளை எல்லாம் மெதுவாக வளைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கனரக வண்டிகள் பழகும் மைதானத்துக்கு யாருக்கும் தெரியாமல் போய் ஒரு வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஓட்டவும் வந்துவிட்டது. ஆனால் போக்குவரத்து நிறுவனத்தில் நாற்பது வயதுக்குள் இருப்பவர்களைத்தான் எடுப்பார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது. கனரக உரிமத்துக்கான தேர்வு மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான். போன முறை அதே சனிக்கிழமையில் அவளுடைய அக்கா வீடு மாறினாள், குளிர்சாதனப் பெட்டியை ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்றாள். அதற்கு முந்தைய முறை பயிற்சிப் பள்ளி முதலாளி தன் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போக வண்டி ஓட்டச் சொன்னார். இரண்டு முறையும் இவள் என்ன சொன்னாள் என்பதைச் சொல்லவே தேவையில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை. நான்காவது வகுப்பு முடிந்த மூன்றாம் நாள். அதைவிட்டால் அவ்வளவுதான், பேருந்தில் பயணியாக மட்டுமே ஏறலாம்.

எட்டுப் பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். அந்த நிமிடத்திலிருந்து யார் யாருக்கு வகுப்பு எடுத்தார்கள் என்று கேட்டால் நூலகத்தம்மாவாலும் சொல்ல முடியாது.

இரண்டாவது புதன்கிழமை வக்கீல் ஒரு சட்டம் போட்டான். அக்கா ‘சரி’ என்றால், மேசையை ஒருமுறை சுற்றி வர வேண்டும். முதல் கால் மணி நேரத்தில் பதினொரு சுற்று ஆகியிருந்தது. பன்னிரண்டாவதில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. முதலாளி.

“ஏம்மா, இந்த மாசம் கடைசி சனிக்கிழமை நம்ம ஆளுங்க மூணு பேருக்கு டெஸ்ட் இருக்கு. நீ காலைல ஏழு மணிக்கே வண்டியோட வந்துடு.”

“சரி சார்... ம்... சரி... சரி சார்.”

கைப்பேசியைக் கீழே வைத்தாள். எட்டு வாய்களும் திறந்திருந்தன, ஈ போனாலும் தெரிந்திருக்காது.

“அக்கா,” என்றான் வக்கீல், மிக மெதுவாக. “எந்த சனிக்கிழமை?”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று ‘சரி’, ஆறே வினாடி, பத்து வருட ஆசை காலி. அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. பிள்ளைகள் மேசையைச் சுற்றச் சொல்லவில்லை. அப்போதுதான், யாரும் எதிர்பார்க்காத மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா... உங்க கால்...” என்றாள் ‘நானும்’. எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். எவ்வளவு கேட்டும் அன்றைக்கு அவள் மேற்கொண்டு பேசவில்லை.

மூன்றாவது வகுப்பில் ஒத்திகை வைத்தார்கள். வக்கீல் முதலாளியாக நடித்தான். தொப்பை வேண்டும் என்று பூகோள உருண்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். “ஏம்மா, சனிக்கிழமை ஏழு மணி!” என்று அதட்டினான். சரியக்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள். “ச...” என்று ஆரம்பித்துவிட்டாள். உருண்டையைப் பார்த்துச் சிரிப்பு வேறு. மூன்று முறை முயன்றாள், மூன்று முறையும் அதே ‘ச’. அடுத்தவர் எதையாவது கேட்டால் அவள் நாக்கு தானாக அங்கே போய் நின்றது.

“கால்!” என்று கத்தினாள் ‘நானும்’. இந்த முறை நிறுத்தவில்லை. “அக்கா, வாய் சரிங்குது, ஆனா உங்க வலது கால் தரைய மிதிக்குது. அன்னிக்கு போன்லயும் அப்படித்தான், மூணு தடவ மிதிச்சீங்க. நீங்க உள்ளுக்குள்ள பிரேக் போடறீங்கக்கா.”

வாழ்நாள் முழுக்க அடுத்தவரைப் பார்த்தே நடந்த பெண். பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

சரியக்கா குனிந்து தன் செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். இடதுகால் செருப்பு புதிது போல இருந்தது. வலதின் அடி, பெருவிரல் பக்கம், காகிதம் போலத் தேய்ந்திருந்தது. பயிற்சிக் காரில் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தாலும், நாய் குறுக்கே பாய்ந்தாலும், ஓட்டுகிறவர் விழிப்பதற்குள் அவள் கால் அதை மிதித்திருக்கும். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. யார் மனம் கோணும் என்று யோசித்ததில்லை. ஆக, முடியாது என்று சொல்ல அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சொல் இத்தனை நாளும் காலில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

“அப்ப முதல்ல மிதிங்க, அப்புறம் பேசுங்க,” என்று வக்கீல் தீர்ப்புச் சொன்னான். “இப்பவே. நிஜ முதலாளிக்கே போடுங்க.”

அவள் எண்ணைத் தட்டினாள். அவர் எடுத்ததும், அவள் மிதித்த மிதியில் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளை ஆடியது.

“சார், அந்த சனிக்கிழமை என்னால வர முடியாது. எனக்கு வேற வேலை இருக்கு.”

எட்டுப் பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்படியா? சரிம்மா. நானே பார்த்துக்கறேன்,” என்றார் முதலாளி. வைத்துவிட்டார்.

“சரின்னுட்டாரு,” என்றாள் அவள், நம்பாமல். “டேய், அவரு சரின்னுட்டாருடா!”

நூலகத்தம்மா மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார். “என்ன சத்தம்? கீழ விளக்கு ஆடுது!” வந்தவர் கண்டது, தொப்பையில் உலகத்தைக் கட்டிக்கொண்ட ஒரு பையனும், ஒரு கையில் செருப்போடு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடும் ஆசிரியையும், பின்னால் ரயில் பெட்டிகளாக ஏழு பேரும். பாடக் குறிப்பில் இது எந்தப் பக்கம் என்று அவருக்குப் புரியவில்லை.

நான்காவது புதன்கிழமை அவள் வருவதற்கு முன்பே அவர்கள் அறையை நிறைத்து வைத்திருந்தார்கள். ஒரு முழுப் படுக்கை விரிப்பில் சிவப்பு மையில் பேருந்துப் படம், அதன் சன்னலில் அவள் முகம். எட்டு ஊதல்கள். ஒரு தகர டப்பா, தட்டுவதற்கு. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எட்டுப் பேரும் தேர்வு மைதானத்தின் வேலியோரமாக வரிசையாக நிற்பதாகத் திட்டம். நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவே அக்கா வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்துக்குக் கம்பம் ஊதுவார்களாம்.

“எப்படிக்கா?” என்று எட்டுப் பேரும் குதித்தார்கள்.

சரியக்கா அந்தப் படுக்கை விரிப்பைப் பார்த்தாள். அழகாக இருந்தது. தன்மேல் யாரும் இவ்வளவு மை செலவழித்ததில்லை. அதே சமயம் அவளுக்குத் தன்னைத் தெரியும். வேலியோரம் எட்டு முகம் தெரிந்தால் அவள் கண் அந்த எட்டில்தான் இருக்கும், கண்ணாடியில் இருக்காது. வண்டி நேராகக் கம்பத்தில் போய் முட்டும். ஆனால் இதைச் செய்தவர்கள் யார்? முதலாளியா, வேலை வாங்கப் பார்க்கும் சொந்தக்காரரா? தன்னைக் கரை சேர்த்த பிள்ளைகள். அன்போடு கேட்பவர்களிடம் மறுப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று அந்தக் கட்டுக் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. தொண்டையில் அந்தப் பழைய ‘ச’ வந்து தயாராக நின்றது.

தரை அதிர்ந்தது.

“வேண்டாம்,” என்றாள். “யாரும் வரக்கூடாது. நீங்க நின்னா நான் உங்களத்தான் பார்ப்பேன். எனக்குத் தனியா போகணும். வேண்டாம் கண்ணுங்களா.”

எட்டு முகமும் வாடிப்போனது. ஒருவன் கையிலிருந்த ஊதலைப் பையில் போட்டுக்கொண்டான். அவளுக்கு ஓடிப்போய் எல்லாரையும் கட்டிக்கொண்டு ‘சரி சரி, வாங்க’ என்று சொல்லிவிட வேண்டும் போல நெஞ்சு அடித்துக்கொண்டது. அடக்கிக்கொண்டு நின்றாள்.

அப்போது ‘நானும்’ எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

“நான்...” என்றாள். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘உம்’ வரவில்லை. அறையே காதைத் தீட்டிக்கொண்டது. “நான் வரப்போறதே இல்ல. முதல்லயே சொல்லணும்னு நினைச்சேன். எங்க தெரு முனையில ஒரு மிருக டாக்டர் இருக்காரு. சனிக்கிழமை காலையில வந்து கூட நின்னு பாருன்னு மூணு வாரமா கூப்பிடறாரு. எனக்கு அதுதான் படிக்கணும். இவங்க எல்லாரும் இங்க வரேன்னதால நானும் வரேன்னுட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒல்லிப் பையனைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கு மீசையும் வேண்டாம்.”

அந்தச் சிரிப்பில் வாட்டமெல்லாம் பறந்துபோனது. ஒல்லிப் பையன் எழுந்து நின்று, அப்படியானால் அவள் பங்கு மீசையையும் தானே எடுத்துக்கொள்வதாக அறிவித்தான். சரியக்கா அந்தப் பெண்ணின் கன்னங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் தலை சீவிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு.

“ஏண்டி, பசங்கள உங்கிட்ட விட்டுட்டுப் போறேன். ஒரு மணி நேரந்தான்.”

கிளி திடுக்கிடும்படி ஒரு மிதி. “இன்னிக்கு முடியாதுக்கா.”

தொடர்பு அறுந்தது. மறு நிமிடமே மறுபடி அடித்தது. “ஏண்டி, இப்ப யாருக்கோ தப்பா போயிடுச்சு. பசங்கள விட்டுட்டு...”

“தப்பா போகலக்கா. நான்தான் பேசினேன். இன்னிக்கு முடியாது.”

“உடம்பு கிடம்பு சரியில்லையாடி?”

“நல்லாதான் இருக்கேன். பஸ் ஓட்டறதுக்கு டெஸ்ட் இருக்கு. போன தடவையும் இருந்துச்சு, உன் ஃபிரிட்ஜ் தூக்கறதுக்கு வந்துட்டேன்.”

“அடிப்பாவி!” அக்காவின் குரல் உடைந்தது. “ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ஃபிரிட்ஜ நானே உருட்டிட்டுப் போயிருப்பேனே! நீ சரின்னா உனக்கு சரின்னுதானேடி நான் நினைப்பேன்? போ, முதல்ல கிளம்பு!”

மைதானத்தில் பேருந்து காத்திருந்தது. தேர்வு அதிகாரி மெலிந்த மனிதர், கையில் அட்டை, முகத்தில் எந்தச் செய்தியும் இல்லை. அவள் ஏறினாள், இருக்கையை முன்னால் தள்ளினாள், கண்ணாடிகளைத் திருப்பினாள், பிரேக்குக்கான காற்றழுத்த முள் பச்சைக்கு ஏறும்வரை பொறுத்திருந்தாள். பிரேக்கை விட்டதும் வண்டி உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. மேட்டில் ஒரு விரல்கூடப் பின்னால் சரியாமல் நிறுத்திக் கிளப்பினாள். கம்பங்களுக்கு நடுவே பின்பக்கமாக, கண்ணாடியை விட்டுக் கண் நகராமல், கொண்டுபோய் நிறுத்தினாள். அப்புறம் தெருவுக்கு விடச் சொன்னார். ஒரு பாதசாரிக் கடவையில், கையில் இரண்டு பைகளோடு ஒரு வயதான பெண் பாதி வழியில் நின்று பையை மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது.

“நகருங்கம்மா,” என்றார் அதிகாரி. “பின்னாடி அவசரமா நிக்கறாங்க. ஓரமா இடம் இருக்கு பாருங்க. எடுங்க.”

அதிகாரி. அட்டையில் எழுதப்போகிறவர். அவள் வாழ்க்கை அந்த அட்டையில் இருந்தது.

“எடுக்க மாட்டேன் சார்,” என்றாள். “அவங்க தாண்டட்டும்.”

அவர் குனிந்து எதையோ எழுதினார். நீளமாக எழுதினார். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் தாண்டி முடித்து, நடைபாதையில் ஏறி, பேருந்தைப் பார்த்துத் தலையசைத்தாள். சரியக்கா வண்டியை எடுத்தாள். மைதானத்துக்குத் திரும்பும்வரை போச்சு என்றுதான் நினைத்தாள்.

நிறுத்தியதும் அட்டையிலிருந்து தாளைக் கிழித்து நீட்டினார். தேர்ச்சி. கீழே அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு. ‘சோதிப்பதற்காக நகரச் சொன்னேன். நகரவில்லை. இவரிடம் வண்டியை நம்பிக் கொடுக்கலாம்.’

அவள் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. மைதானத்தில் ஒரு சுற்று ஓடினாள். அப்புறம் திடீரென்று நின்று வேலிப் பக்கம் பார்த்தாள். எங்கேயாவது ஒளிந்துதான் இருப்பார்கள், அடங்குகிற கூட்டமா அது? மதிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தாள். நிறுத்தி வைத்திருந்த லாரிக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்துவிட்டாள். யாரும் இல்லை. ஊதல் இல்லை, தகர டப்பா இல்லை, ஒரு தலைகூட இல்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு, அழவும் சிரிக்கவும் ஆரம்பித்தாள். பக்கத்தில் குழாயைப் பிடித்துப் பேருந்து கழுவிக்கொண்டிருந்த பெண் பதறிப்போய் ஓடி வந்தாள்.

“என்னம்மா, ஃபெயிலா?”

“பாஸ்!”

“அப்புறம் ஏன் அழறே?”

“எட்டுப் பேருங்க,” என்றாள் சரியக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “வர வேண்டாம்னு சொன்னேன். ஒருத்தருமே வரலங்க!”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.